வலிக்கு ஒரு பெயரடை

கோரிப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில்
இங்கிலீஷ் வகுப்பு.
பரீட்சைக்கு நாற்பத்தொரு நாள்.
தேறினால் அயர்லாந்து,
தேறாவிட்டால் மறுபடியும் வளையல் அடகுக்குப் போகும்.

'பெயர்ச்சொல் உங்ககிட்ட தாராளமா இருக்கு,' என்றார் லாரன்ஸ் சார்.
'பெட், பெட்பேன், ட்யூப், ட்ராலி.
பெயரடையில்தான் பஞ்சம்.'
வாரம் ஒரு தாள் தருவார்.
போன வாரம் ஆறு:
க்ரிஸ்டல் க்ளியர், ஸ்விஃப்ட், மைட்டி.
பாலத்தில் நின்று கீழே பார்த்தேன்.
நாணல், ஆகாயத்தாமரை, கழுத்தளவு பச்சையில் நாலு எருமை.
வைகைக்கு நேராக
வெயிட்டிங் என்று எழுதிக்கொடுத்தேன்.
சிவப்பு மையில் சுழித்துவிட்டார்.

இந்த வாரம் வலி.
இருபத்தாறு சொல்.
டல், ஷார்ப், த்ராபிங், பர்னிங்,
அப்புறம் நாயிங்.
எலும்பைக் கொறிக்கிற வலியாம்,
ஜி எழுத்து இருக்கிறது, வாய் திறக்காது.
ஒரு நாயை நினைத்துக்கொண்டேன்.
இனி மறக்காது.

பெரியாஸ்பத்திரி, இரவு டூட்டி,
தாள் நாலாக மடிந்து பாக்கெட்டில்.
பதினேழாம் பெட் மொக்கராசு,
மாட்டுத்தாவணியில் காய்கறி மூட்டை இறக்குபவர்,
கிட்னியில் கல்.
'எப்படி வலிக்குதுண்ணே?'
எங்கே என்றுதான் இத்தனை வருஷமும் கேட்டிருக்கிறேன்.
எப்படி என்று கேட்டது அன்றைக்குத்தான்.
ஒரு மாதிரி பார்த்தார்.
பிறகு ஒவ்வொன்றாக இறக்கினார்:

'சாயங்காலம் நமநமன்னு இருந்துச்சு சிஸ்டர்.
எட்டு மணிக்குக் கடுக்க ஆரம்பிச்சுச்சு.
பெறகு இடுப்புல இருந்து சுண்டி இழுத்துச்சு,
கீழ எறங்கிக் குடைஞ்சுச்சு.
இப்பப் பிசையுது.
ஊசி போட்டீங்கல்ல, அதுல கொஞ்சம் அசந்துருக்கு.
தூங்கல. அசந்துருக்கு.
முழிச்சுக்கும்.'

தாளை விரித்தேன்.
கடுப்புக்கு ஏக்கிங், பிசைவதற்கு க்ராம்பிங்.
குடைவதற்கு போரிங்,
சாரின் இலக்கண வகுப்புக்கும் அதே சொல்தான்.
சுண்டி இழுப்பதற்கு எதுவும் பொருந்தவில்லை.
அசந்திருக்கும் வலிக்கு
இருபத்தாறில் ஒன்றுமே இல்லை.
அந்தத் தாளில் வலி ஒரு பொருள்,
மஞ்சள் பை, மரப்பெட்டி என்பதுபோல
முன்னால் ஒரு சொல் ஒட்டினால் போதும்.
பதினேழாம் பெட்டில் அது வந்துபோகிற ஆள்.

'என்ன எழுதுறீங்க, என் வலியையா?'
'பரீட்சைக்குண்ணே. இங்கிலீஷ்ல.'
'வெளிநாட்டுக்கா?'
தலையாட்டினேன்.
'அப்ப அதையும் கூட்டிட்டுப் போயிருங்க.'
சிரித்தார், பாதிச் சிரிப்பில் விலாவைப் பிடித்துக்கொண்டார்.
தாளை மடித்தேன்.
முழித்துக்கொண்டது.

நாலே முக்காலுக்குச் சுவரைப் பிடித்தபடி
கழிவறையிலிருந்து வந்தார்,
கையில் நான் கொடுத்திருந்த வடிகட்டி.
'விழுந்துருச்சு.'
டார்ச் அடித்துப் பார்த்தோம்.
வரிசை மாறக்கூடாது என்பார் சார்:
முதலில் அபிப்பிராயம், பிறகு அளவு, வடிவம், நிறம்.
அளவுக்கு டைனி,
வடிவத்துக்கு ஸ்பைக்கி,
நிறத்துக்கு ப்ரவுன்.
அபிப்பிராயத்தை அவர்தான் சொல்ல வேண்டும், காத்திருந்தேன்.

எண்பது கிலோ வெங்காய மூட்டையை
ஒற்றைத் தோளில் வாங்குகிறவர்
சுண்டுவிரல் நகத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
ஒருமுறை தும்மியதுபோல மூக்கால் காற்று விட்டார்.
'இத்துனூண்டு,' என்றார்.
'இத்துனூண்டுப் பய.'

தாளின் அடியில் இருபத்தேழு என்று போட்டு
தமிழிலேயே எழுதிக்கொண்டேன்.

ஆறரைக்கு ரிப்போர்ட்.
பதினேழாம் பெட், பேஷன்ட் கம்ஃபர்ட்டபிள்.
ஏழு வருஷமாகக் கை தானாக எழுதுகிற வார்த்தை.
இதுவும் ஒரு பெயரடை என்பது
அப்போதுதான் உறைத்தது.
எத்தனை பேருக்கு, முகத்தைக்கூடப் பார்க்காமல்,
இதை எழுதியிருப்பேன்.

பதினெட்டாம் பெட்டுக்கு எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன்.
போர்வைக்குள் ஏதோ முனகல்.
மூடியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.
'அம்மா, எப்படி இருக்கு?'