அட்டை

தெமோதரையில் ரயில் ஸ்டேசனைத் தாண்டி
ஒரு வளையம் சுற்றி
அதே ஸ்டேசனுக்கு அடியில் குகைக்குள் போகும்.
இறங்குவதும் முன்னே போவதுதான் என்று
ஆறு வயதிலேயே ஒப்புக்கொண்டவள் நான்.
ஆகவே அந்தச் சின்னப் பெட்டி
தரவரிசை பதினான்கு லட்சத்திலிருந்து
மூன்று லட்சத்துக்கு வந்துவிட்டது என்றபோது
விழுந்தோமோ என்று பதறவில்லை.
எழும்பிப்போய் பிளேன்டீ ஊற்றினேன்,
அன்றைக்கு சீனி கூட.

விற்றது ஒரு டீசேட்.
கடும்பச்சை. எல் சைஸ்.
நெஞ்சில் நான் வரைந்த அட்டை,
அதன் கீழே ஆங்கிலத்தில்
உன்னை விட மனசில்லை என்று ஒரு வரி.
எந்த ஊரிலோ ஒரு மெஷின் அச்சடித்தது,
எந்த வாசலிலோ ஒரு வேன் இறக்கியது.
நான் தொட்டதில்லை.
எனக்கே ஒன்று வாங்கப் பார்த்தேன்.
உங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை.

அதற்கு முன் நாற்பத்திரண்டு டிசைன் போட்டிருந்தேன்.
பூனைகள், காப்பிக் கோப்பைகள்,
திங்கட்கிழமையைத் திட்டும் வசனங்கள்,
ஒருநாளும் பார்த்திராத ஏதோ ஒரு மீனுக்கு மட்டும் பதினொன்று.
ஒன்றும் போகவில்லை.
மழை இரவில் காலுறைக்குள் கைவிட்டு
எதை எடுத்து வெளியே வீசினேனோ
அதுதான் போனது.

பிரவுசரின் வலது மூலையில்
ஒரு செம்மஞ்சள் புள்ளியாக ஒட்டிக்கொண்டது அந்தக் கருவி.
ஏழு நாள் இலவசம்.
எந்த உடுப்பின் மேல் அம்பை வைத்தாலும்
எத்தனை விற்றது, என்றைக்கு விற்றது,
என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்று கசியும்.
எட்டாம் நாளிலிருந்து மாதம் ஒன்பது டொலர்,
பண்டாரவளை பரிமளகாந்தன் மச்சானின் அட்டையிலிருந்து.
அந்த அட்டைக்கும் இந்த அட்டைக்கும் நடுவில்
நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு எழும்பினேன். மூன்றரைக்கு.
மகளுக்குப் பால் கரைக்கிற சாட்டில் நாலேகாலுக்கு.
"நேத்துப் பார்த்த நம்பர்தானே"
என்றான் சுரேந்திரகுமார், போர்வைக்குள்ளிருந்து.
நேற்றுப் பார்த்தது இல்லை.
ஒன்று கூடியிருந்தது.

ஐந்தாம் நாள் அந்தப் புள்ளியே காட்டிக்கொடுத்தது.
இதைப் போன்றவை: மூன்று.
மூன்று கடைகள், மூன்றிலும் என் அட்டை.
வரையும்போது மௌஸ் வழுக்கி
வால்பக்கம் ஒரு வளையம் பாதியில் நின்றிருந்தது.
திருத்த அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன்.
அந்தப் பாதி வளையமும் அப்படியே.
ஒரு கடையில் விலை என்னுடையதில் முக்கால்தான்,
நாளுக்குப் பத்தொன்பது போகிறது.
என் பிழை
என்னை விட நன்றாகச் சம்பாதிக்கிறது.

முறைப்பாட்டுப் படிவம் நிரப்பினேன்.
முதலில் உருவாக்கியவர் நீங்கள் என்பதற்கு ஆதாரம்?
கணுக்காலை மேசை மேல் தூக்கி வைத்து
தழும்பைப் படம் எடுத்தேன்.
பிறகு வெட்கமாகி
கோப்பின் திகதியை மட்டும் அனுப்பினேன்.
பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது,
ஒரு நொடிக்குள்.

ஏழாம் நாள்.
அந்த நாட்டு நள்ளிரவு
இங்கே பகல் பன்னிரண்டரை.
பதுளைக்குப் போகிற ரயில் மேலே ஊதியது.
அட்டையை இழுத்துப் பிடுங்கக் கூடாது, புண் ஆறாது,
இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
நான் பிடுங்கினேன்.
ஏன் போகிறீர்கள் என்று கேட்டு ஒரு பக்கம் திறந்தது.
விலை அதிகம். பயனில்லை. வேறொன்று கிடைத்தது. மற்றவை.
மற்றவையில்
உப்பு என்று தட்டினேன்.

ரயில் சுற்றி முடித்து
கீழே குகைக்குள்ளிருந்து ஊதுவதற்குள்
அந்த மூலையில், ஒன்றுமில்லாத இடத்தில்
மூன்று முறை அழுத்திவிட்டிருந்தேன்.
கடிக்கும்போது தெரிவதே இல்லை.
விழுந்த பிறகு
காலுறை நனைவதுதான் தெரியும்.