காரணம்: காற்று

பெங்களூருக்கும் டெல்லிக்கும் நேர்கோட்டில்
ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம்.
எந்தப் பறவையும் அப்படிப் போவதில்லை,
அது வேறு விஷயம்.

மகிபால்பூரில், இரண்டாம் மாடியில்,
கால அட்டவணை போடுகிறவன் நான்.
சக்கரத்துக்குக் கட்டை எடுத்ததிலிருந்து
மறுபடி கட்டை வைக்கும் வரை
எத்தனை நிமிடம் என்று எழுதுவது என் பிழைப்பு.
ஓடுதளம் வரை ஊர்ந்து போக,
ஏற, இறங்க,
அதற்கு மேல் ஒரு இருபது நிமிடம்
சும்மா.
பந்திக்குப் பத்து இலை கூட நறுக்கி வைப்பதுபோல.
தாமதமாகக் கிளம்பியும்
குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம் என்று
உங்களிடம் பெருமையாக அறிவிப்பது
அந்த இலைகளை நம்பித்தான்.

நீதிமன்றத்துக்கும் ஒரு அட்டவணை உண்டு.
இரண்டாம் சனி, நான்காம் சனி குழந்தை தகப்பனிடம்.
பயண நேரம் தகப்பன் பங்கில் கழியும்.
சுகந்தியின் வக்கீல் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்து
இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம் என்று வாசித்தார்.
என் எண்.
நான் போட்ட எண்.
கழித்துக்கொள்ளட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் முனையத்தில், கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.
கழுத்தில் அடையாளப் பை ஆட
அமுதினி வருவாள், ஒன்பது வயது,
கூட வருகிற பெண்ணின் விரலைப் பிடிக்காமல்.
'பெறுநர்' என்ற இடத்தில் கையெழுத்திடுவேன்.
இறங்கி, நடந்து, ஆதார் சரிபார்த்த பின்னும்
ஏழு நிமிடம் மிஞ்சும்.
காகிதத்தில் அவள் இன்னும் ஆல்வாருக்கு மேலே எங்கோ.
யார் கணக்கிலும் இல்லாத பிள்ளை
என் பக்கத்தில் நின்று சோளப்பொரி தின்னும்.

போன டிசம்பரில் மூட்டம்.
ரேவாரிக்கு மேலே நாற்பது நிமிடம் சுற்றவிட்டார்கள்.
திரையில் அந்தச் சின்ன விமானம்
செக்குமாடு போலச் சுற்றுவதை
நகம் கடித்தபடி பார்த்து நின்றேன்.
வெளியே வந்தவள் முகமெல்லாம் வெளிச்சம்.
"அஞ்சு சுத்துப்பா! கீழ ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளை.
இன்னும் கொஞ்சம் சுத்தியிருக்கலாம்."

இன்னும் கொஞ்சம்.
அங்கே என்ன சாப்பிட்டாய்,
வீட்டுக்கு யார் வந்தார்கள்,
அம்மா என்ன சொன்னாள், அப்பா என்ன கேட்டான் என்று
எவரும் துருவாத இடத்தில்
இன்னும் கொஞ்சம்.

திரும்பும் விமானத்துக்கும் அதே இருபதுதான்.
தேவனஹள்ளியில் காத்து நிற்கிற சுகந்திக்கும்
அதே ஏழு நிமிடம் கிடைத்துக்கொண்டிருக்கிறது.
கவனித்தாளோ என்னவோ.
நான் சொன்னதில்லை.

திங்கட்கிழமை கோடைக்கால அட்டவணையைத் திருத்தினோம்.
இரண்டு திசைக்கும் மூன்று நிமிடம் கூட்டினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து
எதிர்க்காற்று என்று எழுதினேன்.

போகும்போதுமா, வரும்போதுமா என்று
மேலாளர் கேட்கவில்லை.