சொல்வதை எழுதுதல்

மூன்றாம் வகுப்பு, பத்துச் சொற்கள்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு விசைத்தறி.
நான் வாய் திறக்கும் போதெல்லாம்
குறுக்கே ஒரு நாடா ஓடும்.

மழை என்றேன், தொண்டை கிழிய.
முப்பத்தோரு நோட்டில் மளை.
கோழி, கோளி.
வாழை, வாளை.
வாளை மீன்தான், ஏரல் சந்தையில் வாங்கியிருக்கிறேன்,
ஆனால் குலை தள்ளாது.

வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள், சார்,
நாக்கு மடங்க மாட்டேங்குது என்றேன்.
தலையாட்டினார் ஹெச்.எம்.
அவர் வீட்டிலும் தெலுங்கு.

ஒரே ஒரு நோட்டில் மழை, கோழி, வாழை.
ஹேமாத்ரி.
பென்சில் சுண்டுவிரல் நகத்தளவு.
யாரைப் பார்த்து எழுதினான்?
பார்த்து எழுத யாரிடமும் இல்லையே அந்த எழுத்து.

வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
பள்ளிப்பட்டு முழுக்கத் தறிகள் நின்றன.
காகம் ஒன்று ஓட்டில் நடப்பது கேட்டது.
அடுத்த சொல் என்றேன்,
சொன்னேன்:
"பளம்."

என் காதிலேயே விழுந்தது.
அம்மா உரித்துக் கொடுத்த பளம்,
தாமிரபரணிக்குத் தெற்கே எல்லோரும் தின்ற பளம்,
டயட்டில் எனக்கு மார்க் போட்டவரும் தின்றது.
முப்பத்தோரு தலைகள் குனிந்து
சொன்னதைச் சொன்னபடியே எழுதின.
பாடத்தின் பெயரே அதுதானே.

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

உனக்கு மட்டும் எப்படிடா என்று கேட்டேன்.
ஹேமாத்ரி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான்.
நகரிக்குப் போகாமல் இங்கேயே திரும்பும் திருத்தணி வண்டி.
அதன் நிழலில் அவன் அம்மா வேர்க்கடலை அளக்கிறாள்.
தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம்.
"தமிழ்ல ஒண்ணு, கழகத்துல ஒண்ணு டீச்சர்.
அதுக்கு வால் இருக்கு.
எனக்குப் பிடிக்கும்."

நோட்டை மறுபடி பிரித்தேன்.
குளம், குழம்.
பள்ளி, பழ்ழி.
வெள்ளிக்கு இரண்டு வால்.
அவனுக்கு எல்லாமே அந்த வண்டியில் ஏறிவிடுகிறது.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
யாருக்கு எத்தனை மார்க் என்று
இன்னும் போடவில்லை.

கரண்ட் வந்தது.
ஆறு தறியும் ஒன்றாய் எழுந்த இரைச்சலுக்குள்
நாக்கை மடித்துப் பார்த்தேன்,
பழம்,
இன்னொரு தடவை, பழம்.
ஒருவருக்கும் கேட்டிருக்காது.
ஹேமாத்ரி மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்,
வண்டி திரும்பும்போது பார்ப்பதைப் போல.