இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சான்தியாகோவிலிருந்து பௌதிலியோ கூப்பிட்டார்.
பதிப்பாசிரியர். வணக்கம் சொல்லிப் பழக்கமில்லாதவர்.
"இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
இந்த ஆள் ஏன் நல்லவனாகிறான்?"

நாவல் முடியப்போகிறதே, என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
வெளியே வால்திவியாவின் மழை,
ஆறாவது நாளாக, அவசரமில்லாமல்.

எவரிஸ்தோ என் ஆள்.
நியெப்லாவிலிருந்து கொர்ராலுக்குப் போகும் படகில்
சீட்டுப் பரிசோதகன்.
பத்துப் பேரிடம் காசு வாங்கினால்
எட்டுப் பேருக்குத்தான் சீட்டுக் கிழிப்பான்.
பதினேழு அத்தியாயம் இப்படி.
பதினெட்டில் அவனைத் திருத்த
ஒரு வெள்ளத்தை வரவழைத்தேன்.
போதவில்லை.
அவன் தாயைச் சாகடித்தேன்.
ஒரு பாதிரியாரை மூச்சிரைக்க மலையேற்றினேன்.
எவரிஸ்தோ அழுதான், முழந்தாளிட்டான்,
சொல்லிக்கொடுத்த வசனத்தை ஒப்பித்தான்.
கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது:
ஒரு சொல்லையும் அவன் நம்பவில்லை.
நாய் வாலுக்குக் குழாய் செய்த
கொல்லனைப்போல உட்கார்ந்திருந்தேன்.
குழாய் என்னவோ அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மீன் வாங்கப் போனேன்.
ஆற்றங்கரைச் சந்தையில்
கடல்சிங்கங்கள் கரையேறி வந்து
தலைக்கும் குடலுக்கும் வாய் திறந்து கிடக்கும்.
அவற்றுக்குத் திருப்பம், வளர்ச்சி எதுவும் கிடையாது.
சந்தோஷமாக இருக்கின்றன.

ஓர்ஃபெலினாவிடம்தான் வாங்குவேன், ஒன்பது வருடமாக.
கட்டைவிரலையும் சேர்த்துத்தான் அவள்
ஒன்பது வருடமாக எடைபோடுகிறாள்.
எனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமென்று அவளுக்கும் தெரியும்.
ஒரு கிலோ சியெர்ரா மீனில்
எண்பது கிராம் ஓர்ஃபெலினா.

அன்று அந்த விரலில் கட்டு.
கத்தி வழுக்கிவிட்டதாம்.
தராசுத் தட்டில் மீன் மட்டும் படுத்திருந்தது,
ஏதோ கூச்சத்தோடு.

மூன்று வாரம் கழித்துக் கட்டு இல்லை.
தழும்பு வெளுத்திருந்தது. கை இடுப்பில் இருந்தது.
நான் தராசைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.
"பழக்கம் விட்டுப்போச்சு," என்றாள்.
"திரும்பப் பிடிக்கச் சோம்பலா இருக்கு."

வெள்ளம் இல்லை. பாதிரியார் இல்லை.
யாருடைய தாயும் சாகவில்லை.

வீட்டுக்கு வந்து, மீனை மறந்து,
பதினெட்டாம் அத்தியாயத்தை அடித்தேன்.
தாயை உயிர்ப்பித்தேன்; எழுந்ததும்
சூப்பில் உப்பில்லை என்று திட்டினாள்.
பிறகு நான்காம் அத்தியாயத்துக்குப் போய்
எவரிஸ்தோவின் கோட்டுப் பையில்
சின்னதாக ஓர் ஓட்டை போட்டேன்.
அவ்வளவுதான் செய்தேன்.

காசு படகுத் தளத்தில் உருண்டது.
சிவப்புக் காலணி போட்ட சிறுமி ஒருத்தி
பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கி
எல்லோர் முன்னாலும் நீட்டினாள்:
"இது உங்களுடையதா?"

ஆமாம், என்றான்.
அந்த ஆமாம் வெளியே வரக்
கொஞ்சம் நேரமெடுத்தது.
அந்த நேரத்தை நான் எழுதவில்லை,
வெற்றிடமாக விட்டேன்.

ஆறாம் அத்தியாயத்தில் பையைத் தைத்தான்.
திருந்தவில்லை, தைத்தான். கறுப்புக் கோட்டில்
பச்சை நூல்; வீட்டில் வேறு நூல் இல்லை.
திருட்டு தொடர்ந்தது. ஆனால்
கை உள்ளே போகும்போதெல்லாம்
விரல்நுனி அந்தத் தையலில் இடறியது.
ஒன்பதில் இடறியது. பதின்மூன்றில்,
வாசகருக்கு மறந்துபோகும் அளவுக்கு மெல்ல.

கடல் ஏறும் நேரத்தில்
எங்கள் ஆறு பின்னோக்கி நகரும்.
கரையில் நிற்பவருக்குத் தெரியாது.
மிதக்கும் ஆரஞ்சுத் தோலைப் பார்த்தால் தெரியும்.

பதினெட்டில் அவன் எதையும் அறிவிக்கவில்லை.
ஒரு தச்சரிடம் காசு வாங்கினான்,
சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.
"எப்பவும் தரமாட்டீங்களே?" என்றார் தச்சர்.
"இன்னிக்குப் பைக்குள்ள கை விட முடியல, குளிரு," என்றான்.
பொய்தான். ஆனால் அவனே செய்த பொய்.

பௌதிலியோவுக்கு அனுப்பினேன்.
"இப்போது நல்லவனாகிவிட்டானா?" என்று கேட்டார்.
படகில் இருக்கிறான், என்றேன்.

நேற்று மறுபடி சனிக்கிழமை.
எனக்கு முன்னால் கம்பளிக் கோட்டுக்காரர் ஒருவர்
விலையைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்.
ஓர்ஃபெலினா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.
மெல்ல, வெகு மெல்ல,
தழும்புள்ள கட்டைவிரல் தட்டில் இறங்கியது.

பத்தொன்பதாம் அத்தியாயம் முடிந்துவிட்டதென்று
நினைத்திருந்தேன்.