பொருத்தமான கட்டத்தில் குறியிடவும்

பள்ளியிலிருந்து வந்த கேள்வித்தாள்
அரிசி டப்பாவின் மேல் மூன்று நாளாகக் கிடக்கிறது.
கணிதத்திலும் அறிவியலிலும் பிள்ளைகள் தேறுவதற்கு
எதெது காரணம் என்று யாரோ ஆராய்கிறார்களாம்.
'வெள்ளிக்குள் குடுக்கணும்மா' என்று
மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள் சஷ்மிதா,
வெள்ளிக்குக் கீழே இரண்டு கோடு.

இரவு வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன்.
உட்லண்ட்ஸில் சில்லுத் தொழிற்சாலை.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு,
முகக்கவசம் அழுத்திய தடம்
இன்னும் மூக்கின் மேல் இருக்கிறது.
மணி எட்டு. வீட்டில் யாருமில்லை.
பேனா எழுதுகிறது.

வீட்டில் எத்தனை புத்தகங்கள்?
இரவல் வாங்கியவை சேருமா, சொல்லவில்லை.
ஈசூன் நூலகத்தின் எட்டுப் புத்தகங்கள்
எப்போதும் கட்டிலுக்கடியில் இருக்கும்.
எட்டைத் திருப்பிக் கொடுத்தால் வேறு எட்டு வரும்.
போவதும் வருவதும் சரியாக இருந்தால்
அதற்கு அறிவியலில் ஒரு பேர் உண்டாம்.
சொன்னாள், மறந்துவிட்டேன்.

பிள்ளைக்கென்று தனி மேசை உண்டா?
இஸ்திரி மேசை உண்டு.
உயரத்தை மூன்று படியாக மாற்றலாம்.
நடுப்படி சஷ்மிதாவுக்கு.
மேல்படி ருபேஷுக்கு இருந்தது.
நின்றுகொண்டே படிப்பான்,
நின்றுகொண்டே மூடிவைப்பான்.

தாயின் கல்வித் தகுதி.
உயர்நிலை நான்கு வரை, கணக்கில் தேறவில்லை.
அவ்வளவும் எழுதக் கட்டத்தில் இடமில்லை.

துணைப்பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?
எதிர்வீட்டு ஜுன் ஹாவுக்கு ஒன்பது.
மின்தூக்கியில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவான்,
பதினோராம் மாடி வந்ததும் சரியாகக் கண் திறப்பான்.
நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்குப் பொறாமை இல்லை.
அவன் அம்மாவின் சம்பளத்தின் மேல் கொஞ்சம் உண்டு.

பாடம் புரியாதபோது வீட்டில் உதவுபவர் யார்?
'யாருமில்லை' என்பதில் குறியிட்டுவிட்டேன்.
பிறகுதான் அந்த மார்ச் மாத ராத்திரி.
சிவப்பு மணி, நீல மணி, விகிதம்,
பாதி நீலத்தை எடுத்துவிட்டால் மீதி என்ன விகிதம் என்று
நாலாவது தடவையாக அழித்துக்கொண்டிருந்தாள்.
'எனக்குச் சொல்லேன்' என்றேன்.
'உனக்குத் தெரியாதும்மா.'
'தெரியாது. சொல்லு.'
சொன்னாள். விளங்கவில்லை. மறுபடி சொன்னாள்.
எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது:
'எடுத்த மணியெல்லாம் எங்க போச்சு?'

பென்சில் நின்றது.
'அய்யோ, மொத்தமும் குறையணும்ல.'

அதற்கப்புறம் விடுப்பு நாளெல்லாம்
வெங்காயம் உரிக்கும் என்னிடம் வந்து நிற்பாள்,
'கேட்டுக்கிட்டிரு, புரியலன்னா மட்டும் புரியலன்னு சொல்லு.'
புரியாமல் இருப்பது எனக்குச் சிரமமே இல்லை.
இதற்கும் ஒரு கட்டம் இருந்தால்
கம்பீரமாகக் குறியிட்டிருப்பேன்.

ஆனால் அதே மேசை. அதே தெரியாமை. அதே அம்மா.
ருபேஷுக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை என்று
பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
அவன் உயர்நிலை இரண்டில் இருந்த வருஷம்
பகலில் இன்னொரு வேலையும் பார்த்தேன்.
நோட்டுப்புத்தகத்தோடு வந்து நிற்பானாம்.
நான் நாற்காலியிலேயே தூங்கியிருப்பேனாம்.
சத்தம் போடாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போவானாம்.
போன தீபாவளியன்று, பேச்சோடு பேச்சாக,
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இப்போது ஐடிஇயில் குளிர்சாதனம் படிக்கிறான்.
வெற்றுத்தளத்தில் நின்று அண்ணாந்து
மூன்றாம் மாடி இயந்திரம் இருமுவதைக் கேட்டே
எங்கே பழுதென்று சொல்வான்.
அது அறிவியலில் சேருமா?
இதையும் அவர்கள் கேட்கவில்லை.

பேனாவால் போட்ட குறி அழியாது.
'யாருமில்லை'க்குப் பக்கத்தில்
பொடி எழுத்தில் எழுதினேன்:
சில நாள் நான். விழித்திருந்த நாள்.

பெற்றோர் கையொப்பம்.
போட்டேன், கொஞ்சம் கோணலாக.
அலாரத்தை இரண்டரைக்கு வைத்தேன்.
அவள் வர மூன்று ஆகும்,
அவன் வர எத்தனை மணியென்று
இன்று கேட்க வேண்டும்.