நான்கு மதிப்பெண்

விதி ஒன்று: சொன்னதை மட்டும் எழுத வேண்டும்.
விதி இரண்டு: எதையும் திருத்தக் கூடாது, தலையும் ஆட்டக் கூடாது,
அவளுக்குத் தெரியப்போவதில்லை என்றாலும்.
டர்பன், நவம்பர். சாட்ஸ்வொர்த் பள்ளியின் பழைய நூலக அறையில்
நானும் ரோஷ்லின் ஜேகப்ஸும், முனகும் ஒரு மின்விசிறியும்.

வெண்ட்வொர்த்திலிருந்து வருகிறாள் என்றார்கள்.
வெண்ட்வொர்த் என்றால் எங்கள் வீட்டில் ஒரு பொருள் உண்டு.
கைப்பையை மேசையிலிருந்து எடுத்து
நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன், ஜிப்பை இழுத்தேன்.
மெதுவாகத்தான்.
கூட வந்த அவள் அண்ணனிடம் கேட்டேன்:
"இவள் டீக்குச் சர்க்கரை போடுவாளா?"
"இரண்டு" என்றாள் ரோஷ்லின்.

ஏழாம் கேள்வி. கதையை வாசித்துக் காட்டினேன்.
கரூ வெயிலில் ஒரு கடைக்காரர், பார்வை போனவர்,
தண்ணீர் கேட்டு வந்த பையனைக் குரலை வைத்தே விரட்டுகிறார்.
பையன் ரயில் பாதையோரம் விழுந்து கிடக்கிறான்.
'இக்கதையில் குருடு எதைக் குறிக்கிறது? நான்கு மதிப்பெண்.'
விடை எனக்குத் தெரியும். பதினோரு வருடமாகத் தாள் திருத்துகிறேன்.
அறியாமைக்கு இரண்டு. துவேஷத்துக்கு இரண்டு.

அவள் மேசையை நகத்தால் சுரண்டினாள்.
பிறகு சொன்னாள், நான் எழுதினேன்:

"ஒன்றையும் குறிக்கவில்லை.
குருடு என்பது நான் பஸ்ஸுக்கு நிற்பது.
எண்ணெய் ஆலை நாற்றம் மூக்கில் ஏறினால் இறங்க வேண்டும் என்பது.
அப்பாவுக்கு ஏழு வயதில்
ஓர் அலுவலர் அவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி
நகக்கண்ணைப் பார்த்தாராம்.
முடிக்குள் பென்சில் செருகி, விழுகிறதா என்று பார்த்தாராம்.
அத்தைக்கு விழுந்தது. அப்பாவுக்கு விழவில்லை.
அத்தைக்கு வேறு ஊர், வேறு பள்ளி, பிறகு வேறு பெயர்.
அந்த அலுவலருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.
உற்று உற்றுப் பார்த்துத்தான் செய்தார்கள் எல்லாவற்றையும்.
கதை எழுதியவர் பழியை ஏன் என் கண்ணில் போடுகிறார்?
முற்றுப்புள்ளி."

பேனா நின்றது.
என் வாயில் இத்தனை இருப்பதை எண்ணிப் பார்த்ததில்லை:
குருட்டு நம்பிக்கை, குருட்டாம்போக்கு,
குருட்டு அதிர்ஷ்டம், குருட்டுப் பாடம்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்;
மஞ்சளாகத் தெரிவதற்கும்
பார்வை வேண்டும்.

விடைக்குறிப்பின்படி இதற்குப் பூஜ்யம்.
திருத்தப்போவது வேறு யாரோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்.
'முற்றுப்புள்ளி' என்ற சொல்லையும் எழுதிவிட்டிருந்தேன்.
அடிக்கவில்லை.

மணி அடித்தது. மடக்குக் கோலை உதறினாள், டக் டக்கென்று பூட்டிக்கொண்டது.
கதவருகே திரும்பி
நான் நின்ற இடத்துக்குச் சற்று இடப்பக்கமாகச் சொன்னாள்:
"மிஸ், உங்கள் பை நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது.
மறந்துவிடாதீர்கள்."