பெயருக்குக் கீழே ஒரு கோடு

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அது நின்ற எண்ணெய்க் கறையின்மேல்
மேசை போட்டிருக்கிறோம்.
நவம்பர், செவ்வாய்க்கிழமை.
மழையா பனியா என்று
முடிவெடுக்காத தூறல்.

காங்கிரஸ் இடத்துக்கு ஒரே ஒரு பெயர்:
லைமன் க்ரேடி.
பதினேழு முறை போய்வந்தவர்.
முதல் தடவை அவர் நின்றபோது
என் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தார்கள்.
இப்போது அதில் பாதி கட்டிய பல்.

அவர் பெயருக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு,
சட்டம் கேட்பதால்.
வேறு யாராவது வேண்டுமென்றால்
நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியது.

ஏழரைக்குக் கதவைச் சாத்தினோம்.
எண்ணும் பெட்டிக்கு வட்டங்கள் மட்டுமே தெரியும்.
கையெழுத்தைப் படிக்க மனிதர் வேண்டும்,
கட்சிக்கு ஒருவராக.
அந்தக் கட்சிக்கு ஆர்லோ, இந்தக் கட்சிக்கு நான்,
இருவருக்கும் ஒரே பிளாஸ்க் சூப்.

நான் வாசிக்க வாசிக்க அவன் கோடு கிழித்தான்.
'யாராவது.'
'என் மனைவி, அவள்தான் எல்லாம் முடிவு செய்கிறாள்.'
'மூன்றாம் வகுப்பு மிஸ் ஓல்டம்.'
'பிஸ்கட்', நான்கு பேர்.
பிஸ்கட் இந்த நிலையத்து நாய்.
இருபத்தைந்து வயது நிரம்பியிருக்கணுமே என்றான் ஆர்லோ,
மேசைக்கடியில் அதன் காதை நீவிக்கொண்டே.
'பாலம்.' 'பாலம்.' 'எங்கள் பாலம் எங்கே?'
ஒன்பது வருடமாக மூடிக் கிடக்கும் பாலம்
பதினொரு வாக்கு வாங்கியது.

அப்புறம் ஒரு சீட்டு.
க்ரேடியின் வட்டம் வெள்ளையாகவே இருந்தது.
கோட்டின்மேல், நிதானமாக,
'ரே டன்லவி.'

ஆர்லோவின் பென்சில் நின்றது.
டன்லவி தீவனக்கடை வைத்திருந்தவர்.
அந்த முதல் தேர்தலில் க்ரேடியிடம்
இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்றவர்.
அதற்கடுத்த வெள்ளத்தில் கடை போயிற்று.
பிறகு அவரும்.
அந்தப் பெயரை இந்த ஊரில்
இன்னும் யார் மனசில் வைத்திருக்கிறார்கள்?

கடைசி எழுத்து ஒய்.
அதன் வால் கோட்டைத் தாண்டி இறங்கி
இடப்பக்கம் கொக்கி போட்டிருந்தது.

காலை ஏழு பத்துக்கு க்ரேடி வந்தார்.
புகைப்படக்காரர்கள் வருவதை நிறுத்திப் பல வருடம்.
வாக்காளர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்,
எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.
தடுப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார்.
ஒரு பெயர்தானே, அதுவும் சொந்தப் பெயர்,
கறுப்பாக்க இவ்வளவு நேரமா?
முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனின் சுரங்க நுரையீரலுக்கு
ஓய்வூதியம் வந்தபோது
அவரிடமிருந்து வந்த கடிதம்
என் வீட்டில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.
அதில் உள்ள ஒய்யை நம்ப முடியாது.
வாஷிங்டனில் ஓர் இயந்திரம் போட்ட ஒய்.

புத்தகம் கையெட்டும் தூரத்தில்.
ரப்பர் வளையத்தைக் கழற்றினால் போதும்.
எந்தச் சீட்டு எவருடையது என்று
தேடக் கூடாதென்று
காலையில் இருவரும் கை உயர்த்தி உறுதி சொன்னோம்.
என் கை அந்த வளையம்வரை போனது.
ஆர்லோ ஒன்றும் பேசாமல்
சூப் பிளாஸ்க்கை எடுத்து
புத்தகத்தின் மேல் வைத்தான்.

'டன்லவி, ஒன்று' என்றேன்.
ஒரு கோடு கிழித்தான்.

பதிவு செய்யாத பெயர்களைத்
தனித்தனியாக அனுப்ப வேண்டியதில்லை.
படிவத்தில் அதற்கொரு கட்டம் உண்டு.
லைமன் க்ரேடி: அறுநூற்றுப் பன்னிரண்டு.
சிதறியவை: நாற்பத்தொன்று.
இருவரும் ஒப்பமிட்டோம்.

வண்டியைப் பின்னோக்கி உள்ளே ஏற்றினார்கள்.
பிஸ்கட் சக்கரத்தோடு சண்டைக்குப் போனது.
பாலம் இருந்தால் வீட்டுக்கு மூன்று மைல்,
இல்லாததால் இருபத்திரண்டு.
ஆறாவது மைலிலேயே
வானொலி அவர் வெற்றியைச் சொல்லிவிட்டது.
உரை நிகழ்த்தினார். நன்றி என்றார்.
எப்போதும்போல் அதே குரல்.
யாரையோ தேடுவதுபோல்
நடுவில் ஒரு சின்ன நிறுத்தம்.
அல்லது மலைக்குப் பின்னால்
அலைவரிசை விட்டிருக்கும்.